மெய்ப்பாடும் நிழற்படமும்

குழந்தையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் எனத் தனியொரு சிற்றிலக்கிய வகையைக் கண்ட மொழி தமிழ். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடிய நாள்தொட்டு, குமரகுருபரர் மதுரை மீனாட்சியைச் சிறுமியாக்கிப் பாடிய பதினேழாம் நூற்றாண்டு வழியாக இன்றுவரை அம்மரபு தொடர்ந்து வருகின்றது. குழந்தையின் அசைவையும் ஒலியையும் இத்துணை நுணுக்கமாக நோக்கிய இலக்கிய மரபுகள் உலகில் மிகுதியாக இல்லை எனலாம். அத்தகைய மொழியைக் கற்பிக்கும் நம் பள்ளிகளில், குழந்தைகளின் உருவத்தை நாம் எவ்வாறு பதிந்து வைத்துள்ளோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்களையும் விழா மலர்களையும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பள்ளியின் பெயர் மாறும், ஆண்டு மாறும், படம் மாறாது. சுட்டெரிக்கும் திடலிலோ கொடிக்கம்பத்தின் அடியிலோ பிள்ளைகள் வரிசையாக நிற்பர். கைகள் விறைத்திருக்கும், கண்கள் வெயிலுக்கு இடுங்கியிருக்கும், புருவத்தின் நிழல் விழிகளை மறைத்திருக்கும், இதழ்களில் மட்டும், யாரோ சொல்லித் தந்த சிரிப்பு ஒட்டவைத்தாற்போல் நிற்கும். உள்ளே அப்பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளையும் கவிதைகளையும் படித்தால் ஒவ்வொரு பிள்ளையும் வேறுவேறு உள்ளம் உடையது எனத் தெரிகின்றது. படத்திலோ அனைவரும் ஒருவரே. இக்குறை பிள்ளைகளால் நேர்ந்ததன்று. படக்கருவியின் விலையால் நேர்ந்ததுமன்று. படக்கருவிக்குப் பின்னே நிற்கும் நமது நோக்கில் உள்ளது. அக்குறையை நிலை, ஒளி, மெய்ப்பாடு என்னும் மூன்று தலைப்புகளின் கீழ்க் காண்போம்.

நிலை

“அசையாதே” என்பதே படமெடுக்கும்பொழுது நாம் குழந்தைக்கு இடும் முதற்கட்டளை. இக்கட்டளைக்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. 1839இல் டாகெர் தம் முறையை உலகுக்கு அறிவித்த காலத்திலும், 1851இல் ஆர்ச்சர் ஈரத்தகட்டு முறையைக் கண்ட பின்னரும், ஒரு முகம் தகட்டில் பதியப் பல நொடிகளோ சில நிமிடங்களோ தேவைப்பட்டன. அசைந்தால் முகம் கலைந்துவிடும். ஆகவே பெரியோரும் சிறியோரும் கல்போல் அமர வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியின் படக்கருவிகூட ஒரு நொடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரத்தில் முகத்தைப் பிடித்துவிடுகின்றது. காரணம் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் கட்டளை மட்டும் மறையவில்லை.

அசையக் கூடாது என்ற நெருக்கடிக்குள்ளேயே உயிருள்ள குழந்தைப் படம் எடுக்க முடியும் என்று காட்டியவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர் படக்கருவியைக் கையிலெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1864ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆனி என்னும் சிறுமியை அவர் எடுத்த படத்தையே தமது முதல் வெற்றி எனக் குறித்தார். அப்படத்தில் சிறுமி நம்மை நோக்கவில்லை, சிரிக்கவில்லை, முடிகூட ஒழுங்காக வாரப்படவில்லை. மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முகத்தைச் சற்றே திருப்பி, தன் எண்ணத்தில் தானே ஆழ்ந்திருக்கின்றாள். பக்கத்திலிருந்து வரும் ஒளி முகத்தின் ஒரு பகுதியை விளக்க, மறுபகுதி நிழலில் அமைகின்றது. அதனாலேயே முகத்திற்குத் திரட்சியும், பார்வைக்கு ஆழமும் கிடைத்தன. நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் அச்சிறுமி நம்முன் மூச்சு விடுகின்றாள்.

இவ்வம்மையாரின் வாழ்வு நம்மவர் வரலாற்றோடும் தொடர்புடையது. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், களுத்துறையில் வாழ்ந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1879இல் மலையகத்தில் மறைந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பெற்றார். ஆயின் ஒரு வேறுபாட்டை நாம் சுட்டாமல் இருத்தல் ஆகாது. இங்கிலாந்தில் அவர் எடுத்த ஆனிக்குப் பெயர் உண்டு. குடும்ப வரலாறு உண்டு. இலங்கையில் எடுத்தவர்களுள் பலர் பெயரற்றவராகவே நிற்கின்றனர். கலை உயர்ந்திருந்தும் பெயர் விடுபட்டது. இக்குறையை மீண்டும் பின்னர் நோக்குவோம்.

குழந்தையை எவ்வாறு நிறுத்துவது என்பதற்கு விடை நம் இலக்கியத்திலேயே உள்ளது. பிள்ளைத்தமிழ்ப் புலவர் குழந்தையை நிறுத்திவைத்துப் பாடவில்லை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி, சிறுபறை கொட்டல், சிறுதேர் உருட்டல், சிறுமியர்க்கோ அம்மானையும் ஊசலும். பருவம் ஒவ்வொன்றும் ஒரு செயலே. அவ்வப் பருவத்துக் குழந்தை இயல்பாகச் செய்யும் செயலின் நடுவே அதனைக் காணவேண்டும் என்பது அம்மரபின் அடிப்படை.

இதனையே படமெடுப்போர்க்கு விதியாக்கலாம். கைகளை எங்கே வைப்பது என்று அறியாமல் தவிக்கும் பிள்ளையிடம் “கையை நேராக வை” என்று கூறுவதால் பயனில்லை. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நூலைப் பிடிக்கட்டும், பம்பரத்திற்குக் கயிறு சுற்றட்டும், தங்கையின் சடையைப் பின்னட்டும், செடிக்கு நீர் ஊற்றட்டும். கைக்கு வேலை வந்தவுடன் தோள் இளகும். தோள் இளகினால் கழுத்து இளகும். பின்னர் முகம் தானே மலரும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏற்ற செயல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏலாது. பதினொரு, பன்னிரண்டு அகவையினர் பிறர் பார்க்கின்றனரே எனக் கூச்சப்படும் பருவத்தினர். அவர்களைத் தனியே நிறுத்தாமல், தோழர் ஒருவரோடு உரையாடவிட்டு எடுத்தலே நன்று.

இன்னும் இரண்டு செய்திகள் உள. ஒன்று, படக்கருவியின் உயரம். பெரியவர் நின்றவாறே எடுக்கும் படத்தில் குழந்தையின் தலை பெருத்தும் கால்கள் குறுகியும் தோன்றும். அதனினும் மேலாக, குழந்தை அண்ணாந்து பார்க்கும் எளியதொரு பொருளாகிவிடும். எடுப்பவர் முழங்காலிட்டுக் குழந்தையின் கண்மட்டத்திற்கு இறங்கவேண்டும். மற்றொன்று, தொலைவு. கைப்பேசியை முகத்தருகே நீட்டினால் மூக்குப் பருத்துக் காதுகள் ஒதுங்கும். ஏறத்தாழ இரண்டு மீட்டர் விலகி நின்று, உருப்பெருக்கிக் கொள்ளுதலே முகத்தின் இயற்கை அளவைக் காக்கும்.

ஒளி

ஒளியைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் மேலை நாடுகளில் எழுதப்பெற்றவை. அங்கே கதிரவன் ஆண்டின் பெரும்பகுதி சாய்ந்தே ஒளி வீசுவான். நம் டெங்கில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. இங்கே கதிரவன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் நெட்டாக மேலேறுவான். காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையே உதிப்பவன், 9.30 மணியளவில் 30 பாகை உயரத்தை எட்டிவிடுகின்றான். 11 மணிக்கோ 50 பாகை அளவில் நிற்கின்றான். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்தள்ளப் பெற்றதால், உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கே நிகழ்கின்றது. எனவே நம் பள்ளிகளில் இடைவேளைக்குப் பின் படமெடுக்கும் வழக்கம், ஒளியின் கணக்கில் மிகவும் பொருந்தாத வழக்கமாகும். சபை கூடும் காலைப் பொழுதே, எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்ட நேரமே, தக்கது. மாலையில் புறப்பாடம் உள்ள நாள்களில் ஐந்தரை மணிக்குப் பின் அதே மென்மை மீண்டும் கிட்டும்.

“வெயில் எடுப்பவரின் முதுகில் படவேண்டும்” என்பது பழைய படச்சுருள்களின் வேகம் குறைந்திருந்த காலத்து அறிவுரை. அது இன்று குழந்தையின் கண்களுக்கு இழைக்கும் கொடுமையாகவே முடிகின்றது. வெயிலை நேர்நோக்கும் கண் சுருங்குகின்றது. சுருங்கிய கண்ணில் உள்ளம் தெரிவதில்லை. நிழலின் விளிம்பே வெளிப்புறப் படத்திற்கு உகந்த இடம். வகுப்பறைத் தாழ்வாரத்தின் ஓரம், சிற்றுண்டிச்சாலைக் கூரையின் முன்புறம், அடர்ந்த மரத்தின் நிழலெல்லை ஆகிய இடங்களில் குழந்தையை நிழலுக்குள் நிறுத்தி, முகம் திறந்த வானை நோக்குமாறு திருப்புங்கள். நேர்வெயிலின் எட்டில் ஒரு பங்கு ஒளியே அங்கே இருப்பினும், அது நாற்புறமும் பரவி முகத்தைத் தழுவும்; விழியில் சிறியதோர் ஒளிப்புள்ளி தோன்றும். அப்புள்ளி இல்லாத கண் உயிரற்றதாகத் தோன்றும்.

எல்லா நிழலும் நல்ல நிழலன்று. செம்பனை ஓலைகளின் ஊடே விழும் ஒளி, முகத்தில் வெள்ளைத் திட்டுகளை இறைத்துவிடும். அடர்ந்த இலைகளின் நேர்கீழே நின்றால் பச்சை நிறம் தோலில் ஏறும். மாறாக, வெண்சுவர் அருகே இருப்பின் அது கைகொடுக்கும். வெயில் படும் சிமெண்டுத் தரையும் கீழிருந்து ஒளியைத் திருப்பிப் புருவ நிழலைப் போக்கும். நம் பிள்ளைகள் அணியும் வெள்ளைச் சட்டையே சிறந்ததோர் ஒளிதிருப்பியாகும். மழைமேகம் மூடிய நாளைப் படத்திற்கு ஆகாத நாள் என ஒதுக்குவோர் உளர். உண்மையில் வானம் முழுவதும் ஒரு மென்திரையாக அமையும் அந்நாளே குழந்தைப் படத்திற்குப் பெருவரம்.

இனி நம் குழந்தைகளுக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறவேண்டும். படக்கருவியின் ஒளியளவுமானி எதனைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடும் இயல்புடையது. வெண்சட்டையும் வெளிறிய வானமும் சூழ, நடுவே கருமுகம் இருப்பின், கருவி வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைக்கும். முகம் இருண்டு, கண்ணும் வாயும் தெரியாமல் போகும். இதற்குப் பிள்ளையின் நிறமா காரணம்? இல்லை. கணக்கை முகத்தில் வைக்காததே காரணம். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு, அங்கே ஒளியளவைக் கொண்டால் குறை நீங்கும். பின்னணியும் வானமாக இல்லாமல், கரும்பச்சை வேலியாகவோ நிழலுற்ற சுவராகவோ இருத்தல் வேண்டும்.

இக்குறைக்கு ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சீர்செய்ய, 1950களிலிருந்து ஷெர்லி என்னும் வெள்ளைப் பெண்மணியின் படம் தாங்கிய அட்டையை அச்சகங்களுக்கு அனுப்பியது. அவருடைய தோல் நன்றாகத் தோன்றினால் படம் சரி என்பது அளவுகோல். பின்னர்ப் படங்களில் வேறு பெண்கள் இடம்பெற்றபோதும் அட்டையின் பெயர் ஷெர்லி அட்டை என்றே நின்றது. பல நிறத்தாரையும் ஒருங்கே காட்டும் அட்டை 1990களில்தான் வந்தது. அதற்கிடைப்பட்ட காலத்தில் கருநிறக் குழந்தைகளின் முகங்கள் இருண்டுபோனதற்கு அளவுகோலே பெருங்காரணம். நம் தாய்மார் படமெடுக்கும் நாளில் பிள்ளையின் முகத்தில் மாவு பூசியதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். பிழை அளவுகோலில் இருக்க, பழி முகத்தின்மேல் விழுந்தது. இன்று கைப்பேசிச் செயலிகள் தாமாகவே முகத்தை வெளுக்கச் செய்கின்றன. தன் நிறம் திருத்தப்பட வேண்டியதொரு பிழை என்று ஒரு பிள்ளை எட்டு வயதில் தன் படத்திலிருந்தே கற்றுக்கொள்ளுமாயின், நாம் நடத்தும் தன்மதிப்புப் பாடங்களால் என்ன பயன்? ஆசிரியர்கள் இவ்வொன்றிலேனும் உறுதியாக நிற்றல் வேண்டும். பள்ளிப் படத்தில் மாவும் வேண்டா, வெளுப்பும் வேண்டா.

மெய்ப்பாடு

உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரம் அதற்கெனத் தனியோர் இயலையே வகுத்துள்ளது. அங்கே மெய்ப்பாடுகள் எட்டு. நம் ஆண்டு மலர்களிலோ ஒன்றே. அதுவும் போலி நகை. “சிரி” என்ற கட்டளையால் பிறப்பது நகையன்று, கட்டளைக்குப் பணிதலேயாம். உண்மை மகிழ்ச்சியில் கண்ணோரத் தசைகளும் சேர்ந்து சுருங்கும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துசேன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். இதழை ஆணையால் விரிக்கலாம். கண்ணை விரிக்க இயலாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணியதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நந்நான்காக வகுத்தார். இப்பகுதி படமெடுப்போர்க்கு ஒரு கைந்நூலாகவே அமையக்கூடியது. மெய்ப்பாட்டை நேரே வரவழைத்தல் அரிது. அது பிறக்கும் களத்தை அமைத்தல் எளிது. சான்றாக மருட்கையை, அஃதாவது வியப்பை, நோக்குக. புதுமையிலும், பெருமையிலும், சிறுமையிலும், ஒன்று மற்றொன்றாய் ஆவதிலும் அது தோன்றும் என்பது அவர் கருத்து. ஒரு சிறுவனுக்கு எறும்பின் வரிசையை உருப்பெருக்காடியில் காட்டுங்கள். கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாகும் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். அவன் முகத்தில் வியப்பு மலர்வதைக் காண்பீர்கள். உவகை பிறக்கும் களங்களுள் விளையாட்டும் ஒன்று. பெருமிதம் பிறக்கும் களங்களுள் கல்வியும் ஒன்று. செய்யுளொன்றைப் பிழையின்றி ஒப்புவித்து முடித்த அக்கணத்தில் ஒரு சிறுமியின் முகத்தைக் கண்டவர், பரிசளிப்பு மேடையில் அதே முகத்தை எடுக்க விரும்பார்.

அச்சம் பிறக்கும் களங்களுள் ஒருவர்க்குத் தலைமை உடையோரும் அடங்குவர். தலைமையாசிரியரும் அதனுள் அடங்குவார் எனக் கொள்வதில் தவறில்லை. படமெடுப்பவரின் பின்னே பிரம்போடு இல்லாவிடினும் முறைப்போடு நாம் நின்றால், பிள்ளைகளின் முகத்தில் எம்மெய்ப்பாடு தோன்றும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. படமெடுக்கும்பொழுது தலைமையாசிரியர் தம் அறையில் இருத்தலே கலைக்குச் செய்யும் தொண்டாகும்.

மெய்ப்பாட்டைப் பிறழ உணரும் இடரும் உண்டு. 1984இல் பெசாவருக்கு அருகிலுள்ள அகதி முகாமின் கூடாரப் பள்ளியொன்றில், ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் 1985ஆம் ஆண்டு சூன் மாத நேசனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. மென்மையாகப் பரவிய ஒளி, கண்மட்டத்து நோக்கு, பொருந்திய பின்னணி என மேலே கூறிய இலக்கணங்கள் யாவும் அதில் அமைந்துள்ளன. அச்சிறுமியின் விழிகளில் போரின் அச்சத்தையே உலகம் கண்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002இல் சர்பத் குலா எனக் கண்டறியப்பெற்ற அவர், அந்நியர் ஒருவர் தம்மைப் படமெடுத்தமையால் தமக்குச் சினம் உண்டானதை நினைவுகூர்ந்தார். நாம் அச்சம் என்று படித்தது வெகுளியாக இருந்தது. அதுகாறும் அப்படத்தை அவர் கண்டதுமில்லை. கலையளவில் குறைகாண இயலாத படம் அது. ஆயினும் குழந்தையின் இசைவும் பெயரும் இன்றி எடுக்கப்பெற்ற படம் எவ்வளவு உயர்ந்ததாயினும் ஒரு கடனைச் சுமந்தே நிற்கும் என்பதற்கும் அதுவே சான்று. வேண்டா என்று தலையசைக்கும் பிள்ளையை வற்புறுத்தாமையும், பெற்றோர் இசைவின்றிப் படத்தைப் பரப்பாமையும், எடுத்த படத்தை அப்பிள்ளைக்கே முதலில் காட்டுதலும் நம் பள்ளிகளில் வழக்கமாதல் வேண்டும்.

படம் காக்கும் நிலம்

இவ்வளவு கவலை ஒரு பள்ளிப் படத்திற்குத் தேவையா எனச் சிலர் வினவக்கூடும். முந்நூறு பிள்ளைகளை ஒரே காலையில் எடுத்து முடிக்கவேண்டிய ஆசிரியரின் இடர்ப்பாடு உண்மையானதே. வகுப்புக் குழுப்படம் வேண்டா என்று இங்கே கூறவில்லை. அது ஆவணம், அது இருக்கட்டும். அதனோடு, ஆண்டு முழுவதும் பரவலாக, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தன் செயலில் ஆழ்ந்த படம் ஒன்றேனும் இருக்கவேண்டும் என்பதே வேண்டுகோள். மாதம் ஒரு வகுப்பு என வகுத்துக்கொண்டால் சுமை பெரிதன்று. மூத்த மாணவர்க்கே கருவியைத் தந்து பழக்கலாம். தோழன் எடுக்கும் படத்தில் அச்சத்திற்கு இடமேயில்லை.

இதன் தேவையை நம் வட்டாரத்தைக் காட்டிலும் நன்கு உணர்ந்தார் இலர். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரித்தானியர் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இன்று இல்லை. அந்நிலத்திலும் அண்டைத் தோட்டங்களிலும் எழுந்ததே புத்ராஜெயா. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே பெயர்ந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்கு வந்து சேர்ந்தன. லயங்கள் போயின, கோயில் ஆலமரமும் பால்மரத் தோப்பும் போயின. அவற்றை இன்று காண விரும்புவோர்க்கு எஞ்சியிருப்பன, அன்று பிள்ளைகளை எடுத்த படங்களின் பின்னணிகளே. எடுத்தவர் அவற்றைக் கருதி எடுத்தாரல்லர். குழந்தையின் தோளுக்குப் பின்னே தற்செயலாக அகப்பட்ட நீர்த்தொட்டியும், லயத்துப் படியும், மிதிவண்டியும் ஒரு வாழ்க்கையின் சான்றுகளாகிவிட்டன.

ஆயினும் அப்படங்களுட் பலவற்றின் பின்புறம் வெறுமையாக உள்ளது. பெயர் இல்லை, ஆண்டு இல்லை, இடம் இல்லை. களுத்துறைத் தொழிலாளருக்கு நேர்ந்ததே நம் பிள்ளைகளுக்கும் நேர்ந்தது. இம்முறை அதனைச் செய்தவர் அயலாரல்லர், நாமே. ஆதலின் பின்னணியைத் துணியால் மறைக்காமல், பிள்ளை வாழும் இடம் தெரியுமாறு எடுத்தல் வேண்டும். எடுத்த ஒவ்வொரு படத்திற்கும் பெயரும் நாளும் இடமும் தமிழில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைத்தல் வேண்டும். கைப்பேசியிலேயே கிடக்கும் படம், கைப்பேசி பழுதானால் மறைந்துபோகும்.

தமிழாசிரியர்களே, மாணவர்களே, படமும் ஒரு வாசிப்பே. ஒரு செய்யுளின் மெய்ப்பாட்டை உணர்ந்து சொல்லத் தெரிந்தவர், ஒரு குழந்தையின் முகத்தையும் உணர்ந்து எடுக்க வல்லவர் ஆவார். அடுத்த ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் நாள் வரும்பொழுது, காலை எட்டரை மணிக்குத் தாழ்வாரத்தின் ஓரத்தில், பிள்ளையின் கையில் அதற்குப் பிடித்த பொருளொன்றைத் தந்து, அதன் கண்மட்டத்தில் முழங்காலிட்டுக் காத்திருங்கள். கட்டளை எதுவும் இடாதீர்கள். எடுத்தபின் பெயரை எழுதி வையுங்கள். நாற்பது ஆண்டு கழித்து அப்படத்தை எடுத்துப் பார்க்கும் ஒருவர், “இது நான்தான்” என்று தயங்காமல் கூறுவாராயின், அப்படம் தன் கடமையைச் செய்ததாகும்.